கண்கட்டியும் கண்மறைப்பும்

செய்தித்தாள் ஒன்றின் இரவுப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். மற்றவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் படுக்கப் போகிறவனுக்குச் சத்தம்தான் பெரிய தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்குச் சத்தம் மூன்று வாரங்களில் பழகிவிட்டது. வெளிச்சம் கடைசி வரை பழகவில்லை. சன்னலுக்குத் தடித்த திரை போட்டேன், கதவிடுக்கில் துணியைச் செருகினேன், போர்வையை முகம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூச்சுமுட்டி எழுந்தேன். அதன் பிறகுதான், விமானப் பயணிகள் கண்ணில் அணிந்துகொண்டு தூங்கும் அந்தக் கறுப்புத் துணியை வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான சொற்களைத் திருத்துகிற எனக்கு அந்தப் பொருளின் பெயர் தெரியாது என்பதைக் கடை வாசலில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

மருந்துக் கடையில் ‘ஐ மாஸ்க்’ என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. அவரிடம் அந்தப் பெயரில் இருந்ததைத்தான் கொடுத்தார். உள்ளே ஜெல் நிரம்பிய, குளிர்பதனப் பெட்டியில் சில்லிட வைத்து வீங்கிய இமைகளின் மேல் சில நிமிடங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. வீட்டில் பிரித்துப் பார்த்தால், கண்கள் இரண்டுக்கும் நேராக இரண்டு பெரிய துளைகள் இருந்தன. அடுத்த முறை எச்சரிக்கையாக, இணையத்தில் ‘ஸ்லீப்பிங் மாஸ்க்’ என்று தேடி வாங்கினேன். வந்தது ஒரு சிறு குப்பி. இரவில் முகத்தில் பூசிக்கொண்டு காலையில் கழுவ வேண்டிய களிம்பு. என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த மூத்த உதவி ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு உள்ளவர் அவர். காற்றை அழுத்தத்துடன் மூக்குக்குள் செலுத்தும் கருவியோடு இணைந்த மூடியைத்தான் அவர் வீட்டில் எல்லோரும் ‘மாஸ்க்’ என்று அழைக்கிறார்கள் என்றும், தூங்குவதற்கான மாஸ்க் என்று யார் சொன்னாலும் தமக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது என்றும் சொன்னார். ஒரே ஆங்கிலச் சொல் வீக்கத்துக்கும் அழகுக்கும் மூச்சுக்கும் இருட்டுக்கும் பொதுவாக நின்று வேலை செய்கிறது. கேட்பவர் எந்த வேலையைச் சொல்கிறார் என்பதை அந்தப் பெயர் காட்டிக் கொடுப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. ‘ஐஷேட்’ என்றால் இருட்டுக்கான துணியையும் குறிக்கும், நெற்றியில் கட்டிக்கொள்ளும் கூரை போன்ற பச்சை மறைப்பையும் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கணக்கர்களும் தந்தி ஊழியர்களும் செய்தித்தாள்களில் பிழை திருத்துபவர்களும் விளக்கின் கூசும் ஒளியைத் தடுக்க அதை அணிந்தார்கள். அவர்கள் வேலை செய்வதற்காக அணிந்ததை நான் வேலை முடிந்து தூங்குவதற்காகத் தேடிக்கொண்டிருந்தேன். ‘பிளைண்ட்ஃபோல்டு’ என்ற சொல்லிலுள்ள பிற்பகுதி துணி மடிப்பைக் குறிப்பதாகவே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது இடைக்கால ஆங்கிலத்தில் ‘அடித்துப் பார்வையற்றவராக்கப்பட்ட’ என்று பொருள்பட்ட சொல். மடிப்பு என்னும் பொருள் பிற்காலத்தில் ஒலி ஒற்றுமையால் வந்து ஒட்டிக்கொண்டது. தூங்க விரும்புகிறவருக்கு நீட்டக்கூடிய சொல் அல்ல அது.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லாததால் ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ‘முகமூடி’ இருக்கும்போது ‘கண்மூடி’ இருக்கலாகாதா என்று எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் கேட்டார். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் கண்மூடித்தனம், கண்மூடி வழக்கம் என்று ஒரு பக்கமும், ‘பெரியவர் கண்ணை மூடிவிட்டார்’ என்று இன்னொரு பக்கமும் அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு போகின்றன. ‘கண்பட்டை’ வேறு இரண்டு இடங்களில் வேலையில் இருக்கிறது: ஒற்றைக் கண்ணை மூடிச் சோம்பல் கண்ணுக்குப் பயிற்சி தரும் மருத்துவப் பட்டை ஒன்று, குதிரை பக்கவாட்டில் பார்க்காதபடி கட்டும் பட்டை இன்னொன்று. ‘கண்திரை’ என்றால் விழித்திரையோடு குழம்பும். கையுறை, காலுறை போலக் ‘கண்ணுறை’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘கண்ணுற்றேன்’ என்றால் பார்த்தேன் என்று பொருள்படும் மொழியில், பார்வையை மறைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தி வரவில்லை.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது இவை எதையும்விட மோசமானது. கண்ணில் கட்டுவதால் ‘கண்கட்டி’ என்று வீட்டில் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாள் என் மனைவி தொலைபேசியில், ‘அவருக்குக் கண்கட்டி இல்லாமல் தூக்கம் வருவதில்லை’ என்று தன் அக்காவிடம் சொல்ல, அவர் பதறிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இமையோரத்தில் வரும் கொப்புளத்துக்குத்தான் கண்கட்டி என்று பெயர் என்பதை மெய்ப்புத் திருத்துகிற நான் எப்படி மறந்தேன் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

‘கண்கட்டு’ என்ற சொல்லின் தீங்கை அறிந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. என் சித்தி இதய அறுவைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள்கள் இருந்தார். அங்கே இரவென்றும் பகலென்றும் இல்லை; விளக்குகள் அணைவதில்லை. மூன்றாம் நாள் அவர் பேச்சு தடுமாறத் தொடங்கியது; காலையை மாலை என்றார், என்னை என் அப்பா என்று நினைத்துக்கொண்டார். நோயாளிகள் கொஞ்சம் உறங்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒரு கறுப்புத் துணியுடன் அருகில் வந்து, ‘பாட்டி, கண்ணைக் கட்டிவிடறேன், பேசாம தூங்குங்க’ என்றாராம். சித்தி கையைத் தட்டிவிட்டு, குழாய்கள் அசையும் அளவுக்குத் திமிறியிருக்கிறார். மறுநாள் என்னிடம் அழுதுகொண்டே, ‘என்னைக் கண்ணைக் கட்டி எங்கேடா கொண்டுபோகப் பார்த்தாங்க?’ என்று கேட்டார்.

அந்தச் சொல்லில் என்னவெல்லாம் இருக்கிறது என்று அன்று இரவு வேலைக்கு நடுவே எண்ணிப் பார்த்தேன். கடத்தப்படுபவர் கண் கட்டப்படுகிறது. தூக்கிலிடப்படுபவர் கண் கட்டப்படுகிறது. திக்குத் தெரியாதவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது என்கிறார். ஏமாற்று வேலையைக் கண்கட்டு வித்தை என்கிறோம். மயக்கம் வந்தால் கண்ணைக் கட்டுகிறது என்கிறோம். கண்ணாமூச்சி ஆட்டத்தைத் தவிர வேறெங்கும் அந்த வினைக்கு நல்ல பொருள் இல்லை, அந்த ஆட்டத்திலும் கண் கட்டப்பட்டவர்தான் தவிக்கிறார். ஏற்கெனவே நினைவு தடுமாறிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், குழாய்களுக்கு நடுவே, முன்பின் தெரியாதவர் இதைச் சொன்னால் அவர் வேறெப்படி நடந்துகொள்வார்?

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு நான் உடனிருந்தேன். துணியை முதலில் அவர் கையிலேயே கொடுத்தேன். ‘வெளிச்சம் கண்ணில் படாம மறைக்கிறதுக்கு, சித்தி. வேண்டாம்னா நீங்களே கழற்றிடலாம்’ என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து நாடாவைத் தொட வைத்து, இழுத்தால் கழன்றுவிடும் என்பதைக் காட்டினேன். அவரே இரண்டு முறை போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை கழற்றாமல் விட்டார். அன்று நான்கு மணிநேரம் போல உறங்கினார். அதனால்தான் தெளிவு திரும்பியது என்று சொல்லிவிட முடியாது; மருந்துகளும் மாற்றப்பட்டிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் காதடைப்பானும் கண்மறைப்பும் தருவதைப் பற்றி வந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு அறிக்கையும், அவை தூக்கத்துக்கும் மனக்குழப்பம் வராமல் தடுப்பதற்கும் உதவக்கூடும் என்று சொல்லிவிட்டு, சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, ‘கட்டுகிறேன்’ என்ற சொல்லுக்குத் திமிறியவர் ‘மறைக்கிறது’ என்ற சொல்லுக்கு அடங்கினார் என்பது மட்டுமே.

அன்றிலிருந்து நான் ‘கண்மறைப்பு’ என்றே எழுதுகிறேன். பாசம் கண்ணை மறைத்தது என்ற வழக்கு அதற்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; ஆனால் அச்சமூட்டும் பொருள் இல்லை, நோயின் பெயரும் இல்லை. கேட்பவருக்குப் புதிதாக இருக்கும் என்று தோன்றினால் ‘தூங்கும்போது அணியும் கண்மறைப்பு’ என்று விரித்து எழுதுகிறேன். கடையில் வாங்கும்போது மட்டும், பெயரை நம்பாமல், ‘வெளிச்சம் தெரியாமல் தூங்குவதற்குக் கண்ணில் போட்டுக்கொள்ளும் துணி’ என்று நீட்டி முழக்கிச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு ஒரு முறையும் ஜெல் வரவில்லை. அறையை இருட்டாக்கும் தடித்த திரைக்கும் இதே சிக்கல் உண்டு. ‘பிளாக்அவுட்’ என்பது போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்ததிலிருந்து பரவிய சொல். பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு இணையான ‘இருட்டடிப்பு’ என்ற தமிழ்ச் சொல்லோ, செய்தியை வெளியிடாமல் அமுக்குவதற்கென்றே எங்கள் தொழிலில் ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘இருட்டடிப்புத் திரை’ என்று எழுதினால் ஏதோ ஊழலை மூடி மறைக்கும் திரை போலத்தான் வாசகருக்குப் படும்.

சரியான பெயர் கிடைத்ததும் சரியான பொருளைத் தேடும் வேலை தொடங்கியது. இமையை மூடினாலே இருட்டுதானே, அதன் மேல் ஒரு துணி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடினால் செக்கச்செவேல் என்று தெரிவதை எல்லோரும் கண்டிருப்போம். மெல்லிய இமை ஒளியின் ஒரு பகுதியை, குறிப்பாகச் சிவப்பை, உள்ளே விட்டுவிடுகிறது. விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் நரம்புச் செல்களும் இருக்கின்றன என்பது 2002இல் உறுதியானது. மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட இவை ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. இவற்றிலிருந்து செய்தி மூளையின் உடற்கடிகாரத்துக்குப் போய், இரவைக் குறிக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. 1998இல் முழங்காலின் பின்புறத்தில் ஒளி பாய்ச்சினால்கூட உடற்கடிகாரம் நகரும் என்று ஓர் ஆய்வு பரபரப்பாக வெளிவந்தது. எங்கள் பத்திரிகையும் அதை வெளியிட்டிருக்கக்கூடும். பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் அது மெய்ப்படவில்லை. கடிகாரத்துக்கு வெளிச்சம் போகும் வாசல் கண்தான். ஆகவே கண்ணை மட்டும் மறைத்தால் போதும், போர்வைக்குள் முகத்தைப் புதைத்து வேக வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மங்கிய வெளிச்சம்தானே என்று விட்டுவிடுகிறவர்களுக்காக ஒரு செய்தியைச் சொல்லலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இருபது பேரில் ஒரு பாதியினர் சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ள மங்கிய வெளிச்சத்தில் ஓர் இரவு தூங்கினார்கள். கிட்டத்தட்ட இருட்டில் தூங்கியவர்களோடு ஒப்பிட்டபோது, அவர்களுடைய இதயத் துடிப்பு இரவில் கூடியிருந்தது, காலையில் இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தொலைக்காட்சியை ஓடவிட்டுக்கொண்டு அதன் எதிரே தூங்கும் வழக்கத்தை நான் விட்டதற்கு அதுவே காரணம்.

பட்டையான மென்துணியாலானதை முதலில் வாங்கினேன். மூக்கின் இரு பக்கமும் வெளிச்சம் கீழிருந்து ஏறி வந்தது; அதை அடைப்பதற்காக நாடாவை இறுக்கினேன். மதியம் எழுந்தால் சிறிது நேரத்துக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அது கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. கண் மருத்துவர் சோதித்துவிட்டு, விழியை அழுத்தியதால் அதன் வளைவு சற்றே மாறி அப்படி நேர்கிறது, தளர்த்தினால் சரியாகிவிடும் என்றார். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் விழியை அழுத்தும் எதையும் அணியாமல், மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இதைத் தொட வேண்டும் என்றும், சிலருக்குத் தூக்கத்தில் இமை முழுவதும் மூடாது, அவர்களுக்குத் துணி நேரடியாகக் கருவிழியில் உராயும் என்றும் அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. கண்புரை அறுவைக்குப் பிறகு தரும் கெட்டியான கண் கவசத்துக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் அவரே நினைவூட்டினார். அடிபடாமல் காப்பது கவசத்தின் வேலை, இந்தத் துணிக்கு அது முடியாது.

அதன் பின் விழிக்கு நேரே கிண்ணம்போலக் குழிந்த வகைக்கு மாறினேன். இமை முடி எதிலும் இடிக்காமல் உள்ளே கண்ணைத் திறந்து மூட முடியும். கண்ணைத் திறந்தால் இருட்டு தெரிகிறது, கண் மூடப்பட்டதாகத் தோன்றுவதில்லை. அடைபட்ட உணர்வால் தவிப்பவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ஒருக்களித்துப் படுப்பவர்கள் மட்டும் விளிம்பு மெல்லியதாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தலையணையில் கன்னத்தைச் சாய்த்ததும் முழுவதும் நகர்ந்துவிடும். வாங்குவதற்கு முன் கடை விளக்குக்கு நேரே துணியைப் பிடித்துப் பார்ப்பேன். ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் கறுப்பு நிறம் வெறும் சாயம்தான். மூக்கருகே ஒரு துணி மடல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வெல்க்ரோ ஒட்டும் பட்டை பிடரிக்கு நேராக வந்தால் மயிரைப் பிடித்து இழுக்கும். அளவை நழுவவிட்டுச் சரிசெய்யும் நாடா அதைவிட நல்லது. இரண்டு விரல் உள்ளே போகும் தளர்வு போதும். கைக்குழந்தைகளுக்கும், தானாகக் கழற்ற முடியாதவர்களுக்கும் இதை அணிவிக்கவே கூடாது.

கண்மறைப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஒரு தவறு செய்தேன். விடியலில் வேலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்து, படுக்கும்போது மறைத்துக்கொண்டேன். உடலுக்கு அதற்குள் பொழுது விடிந்திருந்தது. திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணியத் தொடங்கிய பிறகே முழுப் பயன் தெரிந்தது. மதியம் எழுந்ததும் எதிர்மாறாக, சன்னலைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் உட்காருவேன். வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்மறைப்பு அணிந்து தூங்கியவர்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவுகளில், சொற்களை இணை இணையாக நினைவில் வைப்பதிலும் விழிப்புடன் எதிர்வினை செய்வதிலும் அவர்கள் மேம்பட்டிருந்தது தெரிந்தது. எனக்குக் கிடைத்த சான்று எளியது: அதிகாலை இரண்டு மணிப் பக்கங்களில் நான் தவறவிடும் ஒற்றுப் பிழைகளைப் பற்றி ஆசிரியர் அனுப்பும் சிவப்பு மைக் குறிப்புகள் குறைந்தன. அதற்குக் கறுப்புக் கண்ணாடி காரணமா, கறுப்புத் துணி காரணமா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

துவைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வியர்வையும் இமையோர எண்ணெயும் ஊறும் துணியை நான் பல வாரங்கள் துவைக்காமல் பயன்படுத்தினேன். ஒரு நாள் வலது மேலிமையில் உறுத்தல் தொடங்கி, மறுநாள் சிவந்து வீங்கியது. இமை முடியின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் கிருமி தொற்றினால் வருவது இது என்றும், அழுக்குத் துணியும் கையால் கண்ணைக் கசக்குவதும் அதற்கு வழிவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டும், பிதுக்கக் கூடாது, ஆறும் வரை கண்மறைப்பு வேண்டாம். என் மனைவி தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, ‘இந்தத் தடவை நிஜமாகவே கண்கட்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இப்போது இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கொடியில் காயும்போது மற்றது கண்ணில் இருக்கும். மென்மையான சோப்பு நீரில் கையால் அலசி, குழிவு நசுங்காமல் நிழலில் உலர்த்துகிறேன். வேறு யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்பதை மறைப்பு மாற்றிவிடாது.

எங்கள் பிரிவில் சொற்களை ஒரே சீராக எழுதுவதற்காக வைத்திருக்கும் பட்டியலில் ‘கண்மறைப்பு’ என்று நான் சேர்த்துவிட்டு வந்தேன். எதிரே ‘கண்கட்டி, கண்கட்டு, கண்மூடி தவிர்க்க’ என்றும் எழுதினேன். சித்தி குணமாகி வீடு திரும்பியபோது மருத்துவமனையில் தந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் அவ்வளவு யோசித்து வைத்த பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மதியம் படுக்கப் போகும்போது, ‘அந்த இருட்டுத் துணியை எடுத்துக் கொடுடா’ என்றுதான் கேட்கிறார்; வீட்டில் யாருக்கும் எதை எடுப்பது என்ற குழப்பம் வந்ததில்லை.